இஸ்தான்புல் – கோரெமே இரவு பஸ்: வயதான அம்மா அப்பாவோடு போகலாமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் துருக்கி போகிறோம், நான், கணவர், என் அம்மா, அப்பா. முதலில் சில நாள் இஸ்தான்புல், அப்புறம் கப்படோக்கியா. அங்கே கோரெமே என்கிற ஊரில் குகை ஹோட்டல் புக் பண்ணியாகிவிட்டது, ஆனால் நடுவில் கிடக்கிற அந்த 730 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்பதில்தான் வீட்டில் இன்னும் முடிவு வரவில்லை. கணவருக்கு ராத்திரி பஸ்தான் வேண்டும், ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம், காலையில் கண் முழித்தால் ஊர் வந்திருக்கும் என்கிறார். எனக்கும் பஸ் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை.

பிரச்சினை அம்மாதான். 66 வயது, சர்க்கரை இருக்கிறது, பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிறார், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போயே ஆக வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாது. அந்த பஸ்களில் டாய்லெட் உண்டா? வழியில் எங்கே, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள்? பெண்கள் ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கிப் போகிற மாதிரி இடமா? அம்மாவிடம் கேட்டால் "எனக்காக யாரும் பிளானை மாத்தாதீங்க, நான் தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயம். போய்வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:

நல்ல கேள்வி சகோதரி. முதலில் நேரடியான பதில்: பஸ்ஸில் டாய்லெட் இருக்காது. துருக்கியில் வெளியூர் பஸ்கள் எல்லாம் நல்ல வண்டிகள், ஆனால் உள்ளே கழிப்பறை இருக்கும் என்று நம்பி மட்டும் ஏறக்கூடாது. வழியில் நிறுத்துகிற இடங்களை நம்பித்தான் பயணமே. பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கும், சில சமயம் நான்கும் ஆகும். ஒரு டிரைவர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அங்கே சட்டம், ராத்திரி வண்டிகளில் இரண்டு டிரைவர் வருவார்கள், ஆகவே வண்டியை நிறுத்தாமலே ஆளை மாற்றி ஓட்டவும் முடியும். மொத்தம் 11, 12 மணி நேரம் ஆகும்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அந்த இரவுப் பயணம் ரொம்பப் பிடித்தது. சீட் 2+1, அதாவது ஒரு பக்கம் ஜோடியாக, மறுபக்கம் ஒற்றை. கால் நீட்ட இடம் தாராளம். டிரைவருக்கு உதவியாக முவாவின் என்று ஒரு பையன் வருவான், வண்டி நகரம் தாண்டியதும் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு டீ, காபி, பாக்கெட் கேக், தண்ணீர் கொடுப்பான், எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். சில வண்டிகளில் எலுமிச்சை வாசனை கொலோன்யா பாட்டிலோடு வருவான். இரண்டு கையையும் குவித்து நீட்ட வேண்டும், சில்லென்று ஊற்றுவான், கையைத் தேய்த்து முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொள்வார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் எனக்கு அதைச் செய்து காட்டினார், மொழி தெரியாமலே.

நிறுத்துகிற இடங்கள் பயப்படும்படி இருக்காது. பளிச்சென்று விளக்கு, பெரிய உணவகம், கடைகள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, நடுராத்திரியிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருப்பார்கள். அரை மணி நேரம் கொடுப்பார்கள். நீங்கள் சூப் குடித்துவிட்டு வருவதற்குள் நீளக் கம்பு பிரஷ் வைத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், ராத்திரி இரண்டரை மணிக்கும் கழுவுகிறார்கள்! கழிப்பறைக்குச் சில இடங்களில் காசு கேட்பார்கள், சில்லறை லிரா கையில் இருக்கட்டும். அப்பாவுக்கு: இரண்டு வகையும் இருக்கும், அலஃப்ராங்கா என்று போட்டிருந்தால் வெஸ்டர்ன், அலதுர்கா என்றால் தரையோடு இருப்பது. வெஸ்டர்னிலும் உள்ளேயே தண்ணீர் பீச்சுகிற குழாய் இருக்கும், அந்த விஷயத்தில் ஐரோப்பாவில் படுகிற அவஸ்தை அங்கே இல்லை.

புக் பண்ணும்போது பார்க்க வேண்டியது ஒன்று. சம்பந்தமில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள், சீட் எடுக்கும்போதே ஆணா பெண்ணா என்று கேட்கும். அம்மா அப்பாவை ஒரே பதிவில் ஜோடி சீட்டில் போடுங்கள், தனித்தனியாக எடுத்தால் சிக்கல் வரும். பாஸ்போர்ட் நம்பர் கேட்பார்கள், பாஸ்போர்ட்டைக் கீழே வைக்கிற பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் சோதனை இருக்கலாம்.

ஈரோட்டு_மஞ்சள்:

நான் நர்ஸ், அதனால் பஸ்ஸைப் பற்றிப் பேசப் போவதில்லை, அம்மாவைப் பற்றித்தான். தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்கிறேன் என்பதை மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர், அதோடு நீர் மாத்திரையும், பன்னிரண்டு மணி நேரம் உடம்பை வற்ற விட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் இறங்கும், அதிகாலையில் பஸ் படியில் இறங்கும்போது தலை சுற்றி விழுந்தால் ட்ரிப் அங்கேயே முடிந்துவிடும். இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். இன்னொன்று, அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யூரினரி இன்ஃபெக்‌ஷனுக்கும் அது வழி, சர்க்கரைக்காரர்களுக்கு அது சீக்கிரம் வரும், லேசில் விடாது.

நீர் மாத்திரையைப் பயண நாளில் எந்த நேரத்துக்கு மாற்றிப் போடலாம் என்று கிளம்பும் முன்பே அம்மாவின் டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக்கூடாது. பெரியவர்களுக்கான பேட் கிடைக்கிறது, மெலிதாகவே இருக்கும், கூச்சப்படாமல் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். போடுகிறாரோ இல்லையோ, கைப்பையில் இருக்கிறது என்ற தைரியமே பாதி நிம்மதி.

என் யோசனை விமானம். இஸ்தான்புல்லிலிருந்து கைசேரிக்கோ நெவ்ஷெஹிருக்கோ ஒன்றேகால் மணி நேரம் போல. கைசேரியிலிருந்து கோரெமே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நெவ்ஷெஹிர் ஏர்போர்ட்டிலிருந்து அதைவிடக் கிட்டம். ஹோட்டலில் சொன்னால் வேன் ஏற்பாடு செய்வார்கள்.

வைகைக்கரை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ் அக்கா சொன்னதை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி, தண்ணி குடிக்கறேன்" என்றார். பேட் விஷயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதை மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்.

விமானத்துக்கு அம்மாவே மாட்டேன் என்கிறார், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேலே போனால் மேகம்தானே தெரியும், ஒரு நாட்டுக்குப் போய் ஊரையும் வயலையும் பார்க்காமல் எப்படி என்பது அவர் கட்சி. உண்மையில் இந்தப் பயணத்தில் அம்மாவுக்குப் பெரிய ஆசையே வழி நெடுக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருவதுதான். நடுவில் அவசரம் என்றால் டிரைவர் நிறுத்துவாரா?

நெடுஞ்சாலை:

முவாவினிடம் ஏறியவுடனே சொல்லி வையுங்கள், அம்மாவைக் கை காட்டி "துவாலெத்" என்று சொன்னாலே புரிந்துவிடும். வயதானவர்களுக்கு அங்கே மரியாதை அதிகம், பெரும்பாலும் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்துவார்கள். ஆனால் அதிவேக நெடுஞ்சாலையில் அடுத்த பங்க் எப்போது வரும் என்பது டிரைவர் கையிலும் இல்லை. உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஜன்னல் ஓரத்துக்காக என்றால் ராத்திரி பஸ் அதற்கும் சரிவராது, விடிகிற வரைக்கும் இருட்டுத்தான்.

பனங்கூடல்:

வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம், மாமியையும் கூட்டிக்கொண்டு இதே பாதையில் போய் வந்தோம், மாமிக்கும் இதே நீர்க் குளிசைதான். அதனால் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு வடிவாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முழுத் தூரத்தையும் பஸ்ஸில் போகாதீர்கள். அங்காரா வரைக்கும் அதிவேக ரயில், அங்கே ஒரு இரவு ஆறுதலாகத் தங்கிவிட்டு, அடுத்த நாள் காலையில் பகல் பஸ் எடுத்து கோரெமே. ரயில் ஆசியக் கரையில் சோகுட்லுசெஷ்மே என்ற நிலையத்திலிருந்து வெளிக்கிடும், ஒரு சில ரயில்கள் ஐரோப்பியக் கரையில் ஹல்கலியிலிருந்தே வரும். நீங்கள் பழைய நகரப் பக்கம் தங்கினால் சிர்கெஜியில் மர்மராய் ரயில் ஏறி, கடலுக்கு அடியால் நேரே சோகுட்லுசெஷ்மேயில் போய் இறங்கலாம். அங்கிருந்து அங்காராவுக்கு நாலரை மணித்தியாலம் அளவில். ரயிலுக்குள் கழிவறை இருக்கிறது, மாமி தான் விரும்பிய நேரம் எழும்பிப் போய்வந்தா, ஒருவரையும் கெஞ்சத் தேவையில்லை. அந்த நிம்மதி முகத்திலேயே தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டியும் இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் போகும்போது பெட்டிகளை ஸ்கேன் பண்ணுவார்கள், அதனால் கொஞ்சம் முந்தியே போங்கள்.

அங்காராவிலிருந்து கோரெமே பஸ் நாலு, ஐந்து மணித்தியாலம். இடையில் ஒருக்கால் நிற்பாட்டுவார்கள். மாமி காலையில் குளிசையைப் பிந்திப் போட்டா (டொக்டரிடம் கேட்டுத்தான்), பஸ் நிலையத்தில் ஏற முதல் ஒருக்கால் போனா, இடையில் நின்ற இடத்தில் ஒருக்கால், அவ்வளவுதான். அந்தரப்படவே இல்லை.

யன்னல் ஓரம் என்று உங்கள் அம்மா கேட்கிறா அல்லவா, அதற்கு இந்தப் பகல் பஸ்தான் சரி. அங்காரா தாண்டியதும் மரமே இல்லாத பெரிய வெளி, அறுவடை முடிந்த கோதுமை வயல், தூரத்தில் ஆட்டு மந்தை, சின்னச் சின்ன ஊர்களில் ஒற்றைப் பள்ளிவாசல் கோபுரம். பழைய றோட்டால் போனால் துஸ் என்கிற உப்பேரி பக்கத்திலேயே வரும், துருக்கியின் இரண்டாவது பெரிய ஏரி அது. கோடை முடிவில் தண்ணீர் வற்றி, பார்க்கிற தூரமெல்லாம் வெள்ளையாக உப்புத்தான் கிடக்கும். ஆனால் 2020 இல் அங்காரா – நீடே அதிவேகச் சாலை திறந்த பிறகு அதால் போகிற பஸ்களும் இருக்கின்றன, அதனால் ஏரி தெரியும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். அக்சராய் தாண்டி நெவ்ஷெஹிர் கிட்ட வரும்போது மண் நிறமே மாறும், பாறைகள் எழும்பத் தொடங்கும். மாமி அப்போது என் கையைப் பிடித்தவா, இறங்குமட்டும் விடவில்லை.

ஒரு முக்கியமான விஷயம்: நீங்கள் ஒக்ரோபர் கடைசி என்கிறீர்கள். 29 ஆம் திகதி அவர்களின் குடியரசு நாள், முதல் நாள் மத்தியானத்திலிருந்தே லீவு. அதை ஒட்டி ரயிலும் பஸ்ஸும் நிறைந்துவிடும், ரயில் டிக்கெட் திறந்த உடனே எடுத்துவிடுங்கள்.

ஈரோட்டு_மஞ்சள்:

பனங்கூடல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. விமானத்தைவிட இதுவே மேல் என்றுகூடச் சொல்வேன். சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு முக்கியம், இப்படிப் பிரித்துப் போனால் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடலாம். பஸ்ஸில் கொடுக்கிற கேக்கில் சர்க்கரைதான், அம்மாவுக்கு வேண்டாம். கையில் பிஸ்கட், வறுத்த கடலை மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், துருக்கியில் கொண்டைக்கடலை வறுத்தது லெப்லெபி என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும். சர்க்கரை இறங்கினால் சாப்பிட ஒரு ஜூஸ் பாக்கெட்டும் மறக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைக் கீழ்ப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மலைக்கோட்டை:

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அம்மா அப்பா சைவமா? வழி உணவகங்களில் மெர்ஜிமெக் சூப் எப்போதும் இருக்கும், மைசூர் பருப்பை அரைத்துச் செய்வது, எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு சாப்பிட்டால் வயிறு நிறையும், காரமில்லாத நம் பருப்புக் கடையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில இடங்களில் எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள், சுத்த சைவம் என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கொஸ்லெமே என்று மெல்லிய சப்பாத்திக்குள் சீஸோ கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துக் கல்லில் சுட்டுத் தருவார்கள், அது பயமில்லாமல் சாப்பிடலாம். அயிரான் நம் உப்பு மோர்தான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அளவாக.

வைகைக்கரை:

அசைவம் சாப்பிடுவார்கள், மாட்டுக்கறி மட்டும் கூடாது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று புரிகிறது.

கணவர் இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, ராத்திரி பஸ்ஸை நாம் இருவரும் தனியாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்தவர், அங்காரா என்றதும் ஹிட்டைட் என்கிற பழங்கால அரசின் பொருட்கள் இருக்கிற மியூசியம் அங்கேதானே என்று கேட்டார். இப்போது அவரும் ரயில் கட்சி. பஸ் டிக்கெட் எடுக்கும்போதும் இறங்கும்போதும் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

நெடுஞ்சாலை:

இருவராகப் போகும்போது இரவு பஸ்ஸை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இறங்குவதைப் பற்றி: டிக்கெட்டில் கடைசி ஊர் கோரெமே என்று எழுத்தில் இருக்க வேண்டும். கப்படோக்கியா என்பது ஊர் இல்லை, ஒரு பகுதி. கப்படோக்கியா போகும் என்று வாயால் சொல்லி டிக்கெட் கொடுத்துவிட்டு, நெவ்ஷெஹிர் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்குங்கள் என்று சொல்வது அந்தப் பக்கம் ரொம்ப நாளாக நடக்கிற விஷயம். எங்களுக்கும் ஒரு கம்பெனி அதைச் செய்தது. இறங்கினதும் டூர் ஆபீஸ் ஆட்கள் சூழ்ந்துகொண்டு, உள்ளே வாங்க, வேன் வரும், அதுவரை வெப்பக்காற்று பலூன் சவாரி பேக்கேஜ் பாருங்க என்று உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களோடு போக வேண்டாம், கோரெமே சர்வீஸ் வேன் எது என்று கம்பெனி கவுண்டரிலேயே டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள். வேன் இல்லை என்றால் டாக்சி, 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான்.

நடுவில் நிறுத்தும்போது இறங்கினால் வண்டி நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி வண்டிகள் நாலைந்து ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும், கழுவுவதற்காக இடம் மாற்றியும் நிறுத்துவார்கள், ஒலிபெருக்கியில் கூப்பிடுவதெல்லாம் துருக்கி மொழியில்தான். நம்பர் ஊரை வைத்துத்தான் தொடங்கும், இஸ்தான்புல் 34, அங்காரா 06, நெவ்ஷெஹிர் 50. பெட்டிக்கு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், அது இல்லாமல் பெட்டியைத் திருப்பித் தர யோசிப்பார்கள்.

கோரெமே பஸ் நிலையம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் குகை ஹோட்டல்களுக்கு ஏற்றம், கல் பாவிய தெரு, உள்ளே படிகள். அப்பாவின் முட்டிக்காக ஹோட்டலில் கீழ்த்தள அறை கேளுங்கள், நிலையத்திலிருந்து கூட்டிப்போக முடியுமா என்றும் கேளுங்கள்.

பனங்கூடல்:

பலூனை வந்த அடுத்த விடியவே போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்ல நினைத்தேன். விடிய முன் எழும்ப வேண்டும், அம்மாவுக்குப் பயணக் களைப்பு இருக்கும். காற்று அடித்தால் அன்றைக்கு ரத்து, அதனால் கையில் இன்னொரு காலையாவது மிச்சம் இருக்கிற மாதிரிப் பாருங்கள். அம்மா ஏறாவிட்டாலும் பரவாயில்லை, ஹோட்டல் மொட்டை மாடியில் இருந்தே எல்லாம் தெரியும். ஒக்ரோபரில் விடியக் கடும் குளிர், பஸ்ஸில் ஹீட்டர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள், இறங்கினதும் நடுங்கும், ஸ்வெட்டரைக் கையில் வைத்திருங்கள்.

வைகைக்கரை:

எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, அங்காராவில் எந்தப் பக்கம் தங்கினால் காலையில் பஸ்ஸுக்குச் சுலபம்? பெட்டிகளோடு நாலு பேர்.

பனங்கூடல்:

கிசிலாய் பக்கம் பாருங்கள். அங்கேயிருந்து அங்காராய் என்கிற மெட்ரோ நேரே பஸ் நிலையத்துக்கே போகும், அஷ்தி என்பதுதான் நிலையத்தின் பெயர், மெட்ரோவின் கடைசி நிறுத்தமும் அதுதான். நாலு பேருக்குப் பெட்டிகளோடு என்றால் டாக்சியும் அதிகம் வராது. ரயில் நிலையமும் கிசிலாய்க்குக் கிட்டத்தான். அஷ்தி பெரிய நிலையம், கம்பெனி கவுண்டர்கள் வரிசையாக இருக்கும், உங்கள் பஸ் எந்த பிளாட்பாரம் என்பது டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். ஏற முதல் அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போக ஒரு இருபது நிமிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நடக்கிற தூரம் கொஞ்சம் கூட.